துடைக்காத குழல்

மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு,

மேலே ‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருப்பது தெரியும். வேறு தாள் தேடினேன். இந்த வீட்டில் இருப்பதெல்லாம் அப்பா பஸ் நிலையத்திலிருந்து கொண்டுவரும் பழைய நேர அட்டவணைகள்தான். பின்பக்கம் காலியாக இருந்தது இது ஒன்று. அடித்ததையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைத் தூக்கி எறிந்தாலும் அது அறையின் ஏதாவது மூலையில் கிடக்கும். தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். தொழிற்சாலையில் தினமும் உங்கள் கையிலிருந்து கண்ணாடி ஊதும் குழலை வாங்கி ஊதுகிறவன், இதையும் வாங்கி உங்களிடம் கொடுப்பான். பிரித்துப் பார்க்க மாட்டான்.

சொல்லாமல் கொள்ளாமல் ஏன் அப்பா வீட்டுக்கு வந்தேன் என்று அவனிடம் கேட்டீர்களாம். சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், குளிக்கும்போது, கீழே ஒரு புண் கைக்குத் தட்டுப்பட்டது. வலியில்லை, எரிச்சலில்லை. சூட்டுக் கொப்புளம் என்று நினைத்தேன். கர்ப்பத்துக்காகப் போன இடத்தில் லேடி டாக்டரிடம் கூச்சத்தை விட்டுக் காட்டினேன். அவர் கையுறையோடு தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஹெர்பிஸா இருந்தா சின்னச் சின்னக் கொப்புளமா வந்து, உடைஞ்சு, உங்களை உட்கார விடாது. இது ஒத்தைப் புண்ணு. விளிம்பு கெட்டியா இருக்கு. எதுக்கும் ரத்தம் பார்த்துடலாம்.” பார்த்தார்கள். சிஃபிலிஸ். பழைய ஆட்கள் மேகப்புண் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது.

நம் குழந்தைக்குப் பத்து வாரம். விட்டிருந்தால் அதற்கும் போயிருக்குமாம், தங்காமலே போயிருக்கலாமாம். ஊசி போட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் இன்னொன்று. “உங்க வீட்டுக்காரரும் போட்டுக்கணும். இல்லைன்னா உங்களுக்குத் திரும்ப வரும், குழந்தைக்கும் ஆபத்து” என்றார் டாக்டர். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பரிதாபப்பட்டார்.

நான் எங்கேயும் போகவில்லை. வீட்டையும் தொழிற்சாலையில் என் சோதனை மேஜையையும் தவிர எனக்கு வேறு ஊர் கிடையாது. ஆகவே யார் அவள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் போகிறது, போய் ரத்தம் கொடுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை நான் வர மாட்டேன்.

உங்கள் இரண்டு சட்டைகள் அங்கே வாளியில் ஊறுகின்றன. நாற்றமெடுத்தால் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருந்தவள்


மார்ச் 7

குமிழிக்கு,

தொழிற்சாலையில் உனக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஊதிக் குளிர்ந்த கண்ணாடியை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, எவன் கண்ணுக்கும் தெரியாத காற்றுக் குமிழியைக் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளுவாய். உனக்கென்று நான் ஊதிய டம்ளரையே, அடியில் கடுகளவு குமிழி என்று தள்ளியவள்தானே நீ. அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன், ஐந்து வருஷமாக அதில்தான் தண்ணீர் குடிக்கிறாய். இப்போது புருஷனிடம் குமிழி பார்க்கக் கிளம்பியிருக்கிறாய்.

நன்றாகக் கேட்டுக்கொள். எனக்கு அங்கே ஒரு கீறல்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டேன். புண் உனக்கு, கேள்வி எனக்கா? நோய் யாரிடம் இருக்கிறதோ அவர்தானே கொண்டுவந்தவர்? இதற்கு டாக்டர் எதற்கு, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லும். பார்சல் பிரிவுக் கண்காணிப்பாளர் உன் மேஜைக்கு வந்து வந்து நின்றதை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். நான் பெருந்தன்மையாக இருந்தேன். அது என் முட்டாள்தனம்.

உலை வாயில் பத்தொன்பது வருஷமாக வேகிறவன் நான். ஜனவரியில் குழல் சுட்டு உதடு புண்ணாகிப் போயிற்றே, ஒரு நாள் லீவு போட்டேனா? ஒரு மாதம் அந்தப் புண்ணோடு ஊதினேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீதானே தினமும் களிம்பு தடவினாய். “வலிக்குதா” என்று கேட்டாய். வலிக்கவே இல்லை. ஊதி ஊதிக் காய்த்துப்போன உதடு இது. அப்படி உழைக்கிறவனைப் பார்த்து யார் அவள் என்று கேட்கிறாய்.

எங்கள் உலை மேஸ்திரி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, வேறு யாரிடம் சொல்வேன்? அவர் குழலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “ரத்தம் கித்தம்னு கொடுத்துடாதே. கொடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். முதல்ல குழந்தை யாருதுன்னு கேளு” என்றார். கேட்கிறேன். குழந்தை யாருடையது?

சட்டை இரண்டும் நாறிவிட்டன. குப்பையில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தப்பு செய்யாதவன்


மார்ச் 11

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அசிங்கமாக எழுதியிருப்பேன். நம் படுக்கையறையை உலைக்கு முன்னால் கொண்டுபோய் விரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மேஸ்திரி சொன்னாராம், கேட்கிறீர்களாம். அவர் சொல்லித்தான் என்னைக் கல்யாணமும் செய்துகொண்டீர்களா?

அது இருக்கட்டும். நேற்று இரண்டாவது ஊசிக்குப் போனேன். வீட்டுக்காரர் வரவில்லையா என்று டாக்டர் கேட்டார். அவருக்குப் புண்ணே இல்லையாம் என்றேன். “வாயில? உதட்டுல? கொஞ்ச நாள் முன்னாடி ஏதாவது இருந்துச்சா?” என்றார். குழல் சுட்ட புண் ஒன்று இருந்தது, ஆறிவிட்டது என்றேன். “வலிச்சுதா?” என்றார். வலிக்கவே இல்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

அப்புறம் உங்கள் தொழிலைக் கேட்டார், சொன்னேன். மேஸ்திரி உலையிலிருந்து கண்ணாடியை எடுத்து முதல் மூச்சு ஊதுவார், குழலை உங்களிடம் தருவார், நீங்கள் அச்சில் வைத்து ஊதுவீர்கள், கடைசியாகத் தம்பி வாங்கி முடிப்பான் என்று சொன்னேன். “ஒரே குழலா? நடுவுல துடைக்க மாட்டாங்களா?” என்றார். துடைத்தால் முன்னால் ஊதியவரை அவமானப்படுத்தியதாகும், அது அங்கே சட்டம் மாதிரி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் காலத்துக் கண்ணாடி ஊதுகிறவர்களிடம் இந்த நோய் இப்படியே, குழல் வழியாக, வாய்விட்டு வாய் பரவியிருக்கிறதாம். அவர் படித்த புத்தகத்தில் இருக்கிறதாம். கிருமி எங்கே படுகிறதோ அங்கே புண் வரும். வலிக்காது. ஒரு மாதத்தில் தானே ஆறிவிடும், ஆனால் நோய் ரத்தத்தில் இருக்கும். உங்கள் உதட்டில் இருந்தது சுட்ட புண் இல்லை. அந்த உதடு ஜனவரியில் என் மேல் எங்கெல்லாம் பட்டது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் யாரிடமும் போகவில்லை. நம்புகிறேன். ஏழு நாள் உங்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அது என் தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள். நீங்களும் என்னைக் கேட்டதை மறந்துவிடுகிறேன், இனிமேல் கேட்காவிட்டால்.

உங்களுக்கு முன்னால் அந்தக் குழலில் வாய் வைக்கிறவர் ஒரே ஒருவர்தான். உங்களுக்குப் பின்னால் வைக்கிறவன் என் தம்பி. அவனிடம் நோயைச் சொல்லவில்லை, குழலைத் துடைத்துவிட்டு ஊது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் ரத்தம் கொடுங்கள். மேஸ்திரியிடம் நீங்களே சொல்லுங்கள், உங்களைத்தான் கேட்பார்.

ஊசி பெரிதாக வலிக்காது. எனக்கு இடுப்பில் ஒரு நாள் கடுத்தது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
குமிழி


மார்ச் 15

உனக்கு,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். உன் தம்பியிடம் இனி எதையும் கொடுப்பதாக இல்லை.

நேற்று அவன் என்ன செய்தான் என்று சொன்னானா? நான் குழலை நீட்டினேன். வாங்கினான். எல்லாரும் பார்க்க, இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, நான் வாய் வைத்த இடத்தைத் துடைத்தான். கண்ணாடி குழல் முனையில் தொங்கிக் கோணிப்போயிற்று. அறைந்தேன். நாற்பது பேருக்கு முன்னால் அறைந்தேன். மச்சான் என்று பார்க்கவில்லை. “அக்காதான் துடைக்கச் சொன்னா” என்றான். உனக்கும் சேர்த்து விழுந்த அறை என்று வைத்துக்கொள்.

மேஸ்திரி அண்ணன் மேலேயே பழியைத் தூக்கிப் போடுகிறாயே, உனக்கு வாய் எப்படி வந்தது? எனக்கு ஊதக் கற்றுக்கொடுத்தவர். முதல் நாள் மூச்சு வராமல் நான் இருமிச் செத்தபோது, அவர் ஊதிய குழலை அப்படியே என் வாயில் வைத்து, “பயப்படாதே, என் மூச்சு பாதி உள்ளே இருக்கு, நீ மீதியை ஊது” என்றவர். பேரன் பேத்தி எடுத்தவர். நீ தப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு கதை வேண்டும், டாக்டரும் நீயும் சேர்ந்து அந்தக் காலத்துப் புத்தகத்தைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள். நல்ல கதை. ஆனால் அதில் அவரை இழுத்திருக்க வேண்டாம்.

அவர் அப்படிப்பட்டவர் என்று நம்புவதைவிட நீ அப்படிப்பட்டவள் என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன்.

ரத்தம் கொடுக்க மாட்டேன். உன் அப்பாவுக்கும் இதே தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பெண்ணை என்ன லட்சணத்தில் வளர்த்தார் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

இப்படிக்கு,
உன்னைக் கட்டிக்கொண்டவன்


மார்ச் 19

நீங்கள் அப்பாவுக்கு எழுதியது வந்து சேர்ந்தது.

சாப்பிட உட்காரும் நேரத்துக்கு வந்தது. நல்ல செய்தி என்று நினைத்து என் எதிரிலேயே பிரித்தார். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை மனதுக்குள் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். பஸ் ஐந்து நிமிஷம் தாமதம் என்றால்கூட காரணம் கேட்காமல் நோட்டில் எழுத மாட்டார், உங்களுக்குத் தெரியும். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இரண்டு நாளாகிறது. என் முகத்தைப் பார்த்து அவர் இன்னும் பேசவில்லை. “வயித்தில இருக்கறது என் குழந்தை இல்லை” என்று ஒரு மருமகன் எழுதினால், அப்பாவுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வருகிறது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்துவிட்டேன். உங்களை நான் சபிக்கவில்லை. சபிக்கத் தெரிந்திருந்தால் சபித்திருப்பேன்.

அடுத்த செய்தி. நீங்கள் அறைந்த கன்னத்தைப் பார்க்கலாம் என்று தம்பியை விளக்குக்குக் கீழே உட்கார வைத்தேன். கன்னம் வீங்கியிருந்தது. கீழுதட்டின் உள்பக்கம் ஒரு புண் இருந்தது. வட்டமாக, கெட்டியாக. உங்கள் அறையில் பல் பட்டிருக்கும் என்றுதான் அவன் சொன்னான். தொட்டேன். “வலிக்கலக்கா. ஒரு வாரமா இருக்கு” என்றான்.

இன்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் அதேதான். இருபத்திரண்டு வயது. ஒரு பெண் எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போகிறவன். ஊசி போட்டபோது அழுதான், வலியில் இல்லை. “மாமாகிட்ட எப்படிக்கா சொல்றது, அவருக்கும் இருக்குமே” என்றான். அறை வாங்கியவன் உங்களுக்காக அழுகிறான்.

அவன் சீட்டின் நகலை இதில் வைத்திருக்கிறேன். பார்சல் பிரிவுக் கண்காணிப்பாளர் என் தம்பிக்கும் வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாரா என்று உங்கள் மேஸ்திரி அண்ணனைக் கேட்டு எழுதுங்கள்.


ஏப்ரல் 6

அன்புள்ள குமிழி,

‘அன்புள்ள’வை நான் அடிக்கவில்லை. நீயும் அடித்துவிடாதே.

உன் தம்பியின் சீட்டை நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அதை மேஸ்திரி கையில் கொடுத்தேன். இது பொய் என்று சொல்லுங்கள், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் கொடுத்தேன். அவர் படித்தார். மடித்துத் திரும்பக் கொடுத்தார். “எனக்கு டிசம்பர்லயே சரியாயிடுச்சுடா. பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டேன்” என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. “ஜனவரியில உதடு சுட்டுடுச்சுன்னு உங்ககிட்ட காட்டினேனேண்ணே. பார்த்தீங்களே” என்றேன். “பார்த்தேன்” என்றார். “அது என்னன்னு தெரிஞ்சுதா?” என்றேன். தோளிலிருந்து துண்டை எடுத்தார். “அப்புறம் குழந்தை யாருதுன்னு கேளுன்னு சொன்னீங்களே, அப்பவும் தெரியுமா?” என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார். “சொல்லியிருந்தா என் கையிலேர்ந்து குழலை எவன்டா வாங்குவான்?”

அடிக்கக் கை ஓங்கினேன், விழவில்லை. உன் தம்பி மேல் மட்டும் எவ்வளவு சுலபமாக விழுந்தது.

மறுநாள் காலை முதல் கண்ணாடிக்கு அவர் குழலை நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டை நுனியால் துடைத்தேன். என்னை யாரும் அறையவில்லை. அன்று மத்தியானமே போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு இருக்கிறது. ஊசி போட்டாயிற்று. சீட்டு இத்துடன் இருக்கிறது, நீ கேட்டது. நிர்வாகத்திடம் நானே போய்ச் சொன்னேன். நாற்பது பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள். அடுத்த உலை வரிசையில் இன்னும் ஒருவருக்கு இருந்தது. இப்போது ஆளுக்கு ஒரு வாய்முனை, அவரவர் கழற்றிப் பூட்டிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி வேலையை விட்டு நின்றுவிட்டார்.

உன் அப்பாவுக்கு வேறொரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். முன்னால் எழுதியதெல்லாம் பொய், குழந்தை என்னுடையது, என் கையெழுத்தோடு சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். தம்பி காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

வீடு கிடக்கிற கிடையைப் பார்த்தால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். உன் டம்ளரை மட்டும் தினமும் கழுவி வைக்கிறேன். இனி என்ன இருக்கிறது? நீயும் தப்பு செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ரத்தமே சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகட்டுமா? எந்த பஸ் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு, அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 12

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அடிக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்தை ஒரே கோடாக அடிக்க எனக்கும் கை வரவில்லை.

சீட்டைப் பார்த்தேன். நல்லது. மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கச் சொல்வார்கள், மறக்காமல் போங்கள். எனக்கும் தம்பிக்கும் புண் ஆறிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது. நேற்று அதன் நெஞ்சு அடிப்பதைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. அப்பாவும் உள்ளே வந்து கேட்டார்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை அப்பா படித்தார். படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் கேட்டிருக்கணும்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரை மன்னித்துவிட்டேன். அவர் எந்தச் சீட்டையும் காட்டி மன்னிப்புக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

நாம் இருவரும் தப்பு செய்யவில்லை, ரத்தமே சொல்லிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் பதினொன்றில் அதையேதான் நான் சொன்னேன். அப்போது உங்களைப் பற்றி என் கையில் ஒரு சீட்டும் இல்லை. இருந்தும் உங்களை நம்பினேன். நீங்கள் நம்ப உங்களுக்கு என் தம்பியின் ரத்தம் வேண்டியிருந்தது, மேஸ்திரி வாயைத் திறக்க வேண்டியிருந்தது, உங்கள் ரத்தமும் வேண்டியிருந்தது. இத்தனையும் வந்த பிறகும் நீங்கள் நம்புவது அந்தத் தாள்களைத்தான். அவரை நம்புவதற்காக என்னை அப்படிப்பட்டவள் என்று நினைப்பது சுலபமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். அது பொய்யில்லை. கோபத்தில் எழுதியதும் இல்லை. யோசித்து, மறைக்காமல் எழுதியது. நாளைக்கு வேறொரு மேஸ்திரி வருவார்.

டாக்டர் ஒன்று சொன்னார். ஊசியில் நோய் போய்விடும், ஆனால் ஒரு வகைச் சோதனையில் அது வந்து போன அடையாளம் மட்டும் ஆயுளுக்கும் தெரியுமாம். நோய் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். நான் பயப்படவில்லை. உங்கள் மேல் கோபம்கூட முன்போல் இல்லை. அடையாளம் இருக்கிறது.

குழந்தை பிறந்ததும் சொல்லி அனுப்புகிறேன். வந்து பாருங்கள். அப்பா பெயர் எழுதும் இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதுவேன், ஏனென்றால் அது உண்மை. அப்பாவுக்கு நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வளர்கிற பிள்ளை கையில் அது அகப்படக் கூடாது. கிழிப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் பாடு.

தம்பி திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு வருகிறான். காலில் எல்லாம் விழ வேண்டாம், அவனுக்குக் கூச்சமாக இருக்கும். நாற்பது பேருக்கு முன்னால் அறைந்தீர்கள், அதே நாற்பது பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் துணிகளையும் கறுப்புப் பெட்டியையும் அவனிடம் கொடுத்து அனுப்புங்கள். வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

டம்ளரை அனுப்ப வேண்டாம். அதில் குமிழி இருக்கிறது என்று நான் முதல் நாளே சொன்னேன்.

இப்படிக்கு,
சோதனை மேஜைக்காரி